சிவப்பு மை மீது ஒரு புகார்

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் மட்டும் சுகமில்லை. ஆனால் அதை நான்கு பேரிடம் சொல்லி முடித்ததும் சரியாகிவிடுகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது?

கடிதம் என்பது அத்தானின் ஏற்பாடு. போன மாதம் நாம் போனில் போட்ட சண்டையை அடுத்த அறையிலிருந்து கேட்டவர், "நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்க. கடுதாசி எழுதுங்க. ஒருத்தி முடிச்சாத்தான் இன்னொருத்தி ஆரம்பிக்க முடியும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன உருப்படியான யோசனைகளில் இது இரண்டாவது. முதலாவது என்ன என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

உன் செய்தி எனக்குச் சுற்றறிக்கை வழியாக வந்தது. கையடக்கக் கணினிப் பயிற்றுநர்கள் ஆறு பேர், அதில் நீ மூன்றாவது. சந்தோஷம். மிகவும் சந்தோஷம்.

நேற்று எங்களுக்குப் பயிற்சி நடந்தது. ஆசிரியர்கள் முப்பத்தைந்து பேர், நாற்காலிகள் இருபத்தெட்டு. சுவரில் உன்னுடைய மாதிரி வகுப்பு வீடியோவைப் போட்டார்கள். அரை, கால், முக்கால் பாடம். இருபத்திரண்டு நிமிடம். உன் மூக்குக்கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்ததைத் தவிரக் குறையொன்றும் பெரிதாக இல்லை. பக்கத்தில் நின்றிருந்தவர், "உங்க தங்கச்சியா? நம்பவே முடியல" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முயன்றுகொண்டிருக்கிறேன். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

ஜூன் 25

அன்புள்ள அக்கா,

நலம். இருமல் போய்விட்டது. தொண்டை மட்டும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பேசிப் பேசித் தேய்கிறது. அத்தான் முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொல். நான்கு பேர் கிடைக்காத நாட்களில் உதவும்.

மாதிரி வகுப்புக்கு என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கே விளங்கவில்லை. "கேமராவைப் பாத்து பயப்படாத ஆளு நீங்க மட்டும்தான்" என்றார் திட்ட அலுவலர். நான் பயந்துபோய் அசையாமல் நின்றேன்; அது தைரியமாகப் பதிவாகிவிட்டது.

இது மார்ச் வரைதான், அக்கா. அதன்பிறகு ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் நிரந்தரப் பணியிடம். மற்ற ஐவரும் பழைய பள்ளிக்குத் திரும்பவேண்டும். அந்த ஒருவர் நானாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு முக்கியமான விஷயம். செப்டம்பர் பதினைந்தாம் தேதிக்குள் ஒவ்வொரு ஆசிரியரும் வகுப்பில் முந்நூறு நிமிடம் டேப்பை, அதாவது அந்தக் கையடக்கக் கணினியை, பயன்படுத்தியிருக்கவேண்டும். கணக்கு தானாகவே மேலிடத்துக்குப் போய்விடும். குறைந்தவர்களை வகுப்பிலிருந்து எடுத்து ஆவண அறைக்கு மாற்றுகிறார்கள். நீ கவனமாக இரு. எதுவும் புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேள். உனக்குச் சொல்லித்தர எனக்கு நேரம் இருக்கிறது.

உன் தங்கை

*

ஜூலை 14

தங்கைக்கு,

நலமே. ஒற்றடம் கொடுத்ததில் அத்தானுக்கு இப்போது இரண்டு முழங்காலும் வலிக்கிறதாம். உன் தொண்டைக்கு ஓய்வு கொடு. அடுத்தவர் பேசுவதைக் கேட்டால் அது தானாகக் கிடைக்கும்.

எனக்குச் சொல்லித்தர உனக்கு நேரம் இருப்பது பற்றி மகிழ்ச்சி. இருபத்தேழு வருடமாக ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தந்ததில் எனக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கு நாற்பது டேப் வந்து இறங்கியது. ஒன்று உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை நாற்பதும் இரும்பு பீரோவில். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்ப் பீரோவைத் திறந்து காட்டுகிறோம். "தொடக் கூடாது, பாக்கலாம்" என்கிறார். முந்நூறு நிமிடத்தில் இது சேருமா?

ஆசிரியருக்குத் தந்த டேப் மட்டும் என் கையில் இருக்கிறது. வீட்டில் உன் வீடியோவை இன்னொரு தடவை பார்த்தேன், சரிபார்ப்பதற்காக. அதன் கீழே குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வசதியாக இருக்கிறது. பயிற்சி மாணவிகளின் வகுப்பைப் பார்வையிடும்போது நிமிடவாரியாகக் குறிப்பெடுப்பேனே, அந்தப் பழக்கம் விடவில்லை. யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. கண்ணில் பட்டதை எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

உன் பாடத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை. அதனால் சொல்லவில்லை.

அக்கா

*

ஜூலை 29

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் வீடியோவின் கீழே யாரோ எழுதுகிறார்கள். பெயர் தெரிந்தால் ஆசிரியர்கள் கூச்சப்படுவார்கள் என்று பணி எண் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறோம். அதிலும் கடைசி நான்கு இலக்கம்தான்; முழு எண் திட்ட அலுவலருக்குக்கூடத் தெரியாது. இருநூறு பள்ளி ஆசிரியர்களும் படிக்கிறார்கள். எழுதுகிறவருக்குச் "சிவப்பு மை" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

எதையும் விட்டுவைக்கவில்லை. நான் நின்ற இடம், முதுகைக் காட்டிய பிள்ளைகள், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்காமல் நானே பதில் சொன்னது. போன வாரம் பயிற்சி நடுவில் ஒருவர் எழுந்து, "மேடம், மூணாவது நிமிஷத்தைப் பத்தி சிவப்பு மை என்ன சொல்லியிருக்காங்கன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

யாராக இருக்கும் என்று நினைக்கிறாய், அக்கா?

உன் தங்கை

*

ஆகஸ்ட் 11

தங்கைக்கு,

நலம். நீயும் மனதைத் தளரவிடாமல் இரு.

யாரோ வேலை வெட்டி இல்லாதவள். சொந்த வகுப்பை ஒழுங்காக நடத்துகிறவளுக்கு அடுத்தவள் வகுப்பை நிமிடக் கணக்கில் பார்க்க நேரம் ஏது?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீ காத்திருக்காமல் பதில் சொன்னதை நானும் கவனித்திருந்தேன். முதுகைக் காட்டிய பிள்ளைகளையும் கவனித்தேன். சொந்தத் தங்கையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி அதையே சொன்னதும், "சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்று மரியாதை கொடுத்து எழுதுகிறாய். ஒன்பது வயதில் உனக்கு வாய்ப்பாடு வரவைத்தவள் நான். எனக்கு ஒரு நாளும் "சரி" என்று நீ சொன்னதாக நினைவில்லை.

எங்கள் சயின்ஸ் டீச்சரும் ஓய்வறையில் அவள் புராணம்தான் பாடுகிறாள். "என்ன கண்ணு டீச்சர் அந்தம்மாவுக்கு! அப்படியொரு ஆளுகிட்ட ஒரு வருஷம் வேலை பாத்தா போதும்" என்றாள். என் பக்கத்தில் ஆறு வருடமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.

அந்தச் சிவப்பு மைக்கு அதிக இடம் கொடுக்காதே.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நலம். அத்தான் நடக்கிறாரா? உன் கண்ணைப் பரிசோதித்துக்கொள். திரையை அதிகம் பார்ப்பதாகத் தோன்றுகிறது.

இப்போது என் வீடியோவைவிட அந்தக் குறிப்புகளைத்தான் அதிகம் படிக்கிறார்கள். திட்ட அலுவலர் பதினான்கு பக்கத்துக்கு அச்செடுத்துவிட்டார். பயிற்சியில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அதை என்னையே வாசிக்கச் சொல்கிறார். என் தவறை என் குரலிலேயே கேட்கிறேன். "இந்தாளைக் கண்டுபிடிச்சா அந்த நிரந்தரப் போஸ்ட்டை யோசிக்கவே வேண்டாம்" என்று என் முன்னாலேயே சொன்னார். எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை.

போன வாரம் ஒரு பள்ளியில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்து பார்த்தேன். ஒன்பது நொடி. ஒன்பது நொடி எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். பத்தாவது நொடியில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் பதில் சொன்னாள்.

முந்நூறு நிமிடம் என்ன ஆயிற்று? பீரோவைத் திறக்கச் சொன்னாயா?

உன் தங்கை

*

செப்டம்பர் 20

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான்.

அந்தச் சிவப்பு மை யார் என்று தெரியவில்லை. ஆனால் அவள் ஒரு திருடி என்று தெரிந்துவிட்டது. நேற்று சயின்ஸ் டீச்சர் தன் டேப்பில் அவள் எழுதியதை எனக்குக் காட்டினாள். அத்தனையும் என் வரிகள்! நான் யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்தது, ஒரு எழுத்து பிசகாமல். "பதிலைத் தானே சொல்லிவிட்டார், பிள்ளைகளுக்கு வேலை மிச்சம்" என்று நான் ஜூலை மாதம் என் பெட்டியில் எழுதியது அங்கே இருக்கிறது. எப்படி எடுத்தாள் என்று தெரியவில்லை. இந்தக் காலத்தில் எல்லாம் முடியும் என்கிறார்கள்.

உன்னைப் பற்றி நான் அப்படி எழுதியிருந்தேன் என்பது இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பிறகு பேசிக்கொள்வோம். முதலில் திருட்டு.

உங்கள் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். எதிர்த்தரப்பின் பணி எண் என்ற கட்டத்தில் திரையில் பார்த்த 4471ஐ எழுதினேன். புகார் தருபவரின் பணி எண் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என் எண் எனக்கு என்றைக்கு ஞாபகம் இருந்தது? இத்தனை வருடமாக என் படிவங்களையெல்லாம் நீதானே நிரப்புகிறாய். வழக்கம்போல நிரப்பிச் சேர்த்துவிடு.

இன்னொன்று. கணக்கு வந்தது. வகுப்பில் பயன்படுத்தியது: பூஜ்யம். வீட்டில்: ஆயிரத்து நூறு நிமிடம், அத்தனையும் ஒரே வீடியோ. தலைமையாசிரியர், "இது என்னம்மா?" என்றார். பாடத் தயாரிப்பு என்றேன். பீரோவைத் திறக்காதவர் அவர். ஆவண அறைக்குப் போகப்போவது நான். என் நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டு மூட்டை கட்டிய காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?

அக்கா

*

அக்டோபர் 3

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. புகார் என் மேசைக்குத்தான் வந்திருக்கிறது. தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள். காரணம் கேட்காதே. இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும், கிழித்துப்போடுகிறேன்.

தங்கை

*

அக்டோபர் 12

முதன்மைப் பயிற்றுநர் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலத்தையும் அவ்வாறே கருதிக்கொள்கிறேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக உடன்பிறந்தவளிடம் வாதாடுகிறாய். அவள் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தாள், ஒன்பது நொடி வாயை மூடிக்கொள்ளவா? அதை நான் உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஏன்டி, அவ உன் தங்கச்சி, ஏதோ காரணம் இருக்கும்" என்கிறார் அத்தான். எனக்குத் தெரியும் காரணம். நாளைக்கு அவள்தான் அங்கே பெரிய ஆள். யாரிடம் நல்ல பேர் வாங்கவேண்டும் என்று உனக்கு எப்போதுமே தெரியும்.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. டிசம்பர் முதல் தேதி ஆவண அறையில் சேரவேண்டும். எண் இல்லாத புகாரைப் பதிவு செய்யமாட்டார்களாம். என் எண்ணை நிரப்புவதற்கு உனக்குக் கை வலிக்கிறது என்றால் எழுது, வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்.

4471க்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை

*

நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

உன் பணி எண் 4471இல் முடிகிறது.

அந்தப் பெட்டி உனக்கு மட்டுமான நோட்டு அல்ல. அதில் எழுதுவதை எல்லோரும் படிப்பார்கள்; எழுதியவரின் எண் அவருடைய திரையில் மட்டும் தெரியாது. பயிற்சியில் அதைச் சொன்னார்கள். நீ அப்போது என் மூக்குக்கண்ணாடியைக் கவனித்துக்கொண்டிருந்திருப்பாய். யாரும் உன்னிடமிருந்து எதையும் திருடவில்லை. சிவப்பு மை நீதான்.

எனக்கு முதல் நாளே தெரியும். பதினைந்து வருடமாக உன் படிவங்களில் நான் எழுதும் எண், எப்படித் தெரியாமல் இருக்கும்? எண்ணைப் பார்க்காமலே முதல் வரியில் தெரிந்தது. முதல் வாரம், நீயே மாட்டிக்கொண்டு அவமானப்படட்டும் என்று காத்திருந்தேன். இரண்டாவது வாரம், உன் குறிப்பு எனக்குத் தேவைப்பட்டது. மூன்றாவது வாரம் எல்லோரும் உன்னைப் புகழ ஆரம்பித்தார்கள். அதன்பிறகு சொல்ல மனம் வரவில்லை. உன்னையே நீ திட்டி எழுதிய கடிதங்களைப் படித்து இங்கே தனியாகச் சிரித்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

புகார்ப் படிவம் என் இழுப்பறையில் ஏழு வாரம் கிடந்தது. நீ காலியாக விட்ட கட்டத்திலும் 4471இல் முடியும் எண்ணைத்தான் எழுதவேண்டும். எழுதினால் நீ கேலிக்கு ஆளாவாய், கூடவே என் பணியிடமும் உனக்கு வரும். எழுதாவிட்டால் நீ ஆவண அறைக்குப் போவாய், நான் இங்கே இருப்பேன். ஏழு வாரம் ஆயிற்று என்றால் நான் எப்படிப்பட்டவள் என்று பார்த்துக்கொள்.

போன திங்கள்கிழமை எழுதிவிட்டேன். திட்ட அலுவலர் இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க தன் மேலயே கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" "எங்கக்கா." "எத்தனை நாளா தெரியும்?" "பொறந்ததுலேர்ந்து தெரியும் சார்." அவர் கேட்டது அதை இல்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

உனக்கு அவர் தனியாக எழுதுவார். நிரந்தரப் பணியிடம் உனக்கு. உன் ஆவண அறை உத்தரவும் நிற்கும். சிபாரிசுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டது நான். முதல் பேனா எழுதவில்லை, இரண்டாவது பேனா வாங்கிப் போட்டேன். மார்ச் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே என் பள்ளிக்குத் திரும்புகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். இருபத்திரண்டு நிமிடத்தில் நீ ஏழாவது நிமிடத்துக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை. பதினான்கு பக்கத்தையும் தேடிப் பார்த்தேன். அங்கே நான் என்ன தப்பு செய்தேன், எழுதவே முடியாத அளவுக்கு?

உன் தங்கை

*

டிசம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

நலமா? நான் உன் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அத்தான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து முழங்கால் வலியையே மறந்துவிட்டார். ஒருவருக்காவது பயன்பட்டது.

நான்காம் நாள் ஓய்வறைக்குப் போனேன். சயின்ஸ் டீச்சர் எழுந்து நின்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. "டீச்சர், அது நீங்கதானாமே?" என்றாள். "ஆமாம். அவள் திருடி இல்லை" என்றேன். வேறு என்ன சொல்ல?

திட்ட அலுவலரின் கடிதம் கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நான் வேலைக்கு வந்தது ஐந்தாம் வகுப்புக்கு. வீட்டுப்பாடமே செய்யாத முப்பத்தைந்து பெரியவர்களுக்குச் சொல்லித்தர அல்ல. என் வகுப்பை எனக்கு விட்டுவிட்டால் போதும், தலைமையாசிரியர் பீரோவைத் திறக்கவேண்டும், இந்த இரண்டையும் கேட்டேன். இரண்டும் கிடைத்தன. பணியிடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகிறதாம். அடுத்த பெயர் உன்னுடையது. ஜனவரியில் நீ எங்கேயும் திரும்பவேண்டாம். அந்த நாற்காலி நான் வேண்டாம் என்றதால் வந்தது என்பதை யாரிடமும் சொல்லமாட்டேன். உன்னிடம் சொல்வதும் இது ஒரு தடவைதான். அடிக்கடி நினைத்துக்கொள்வாய் என்று தெரியும்.

குறிப்புகள் தொடரும். எல்லோரும் படிக்கிறார்கள் என்று தெரியாமல்தான் இவ்வளவு மென்மையாக எழுதிவிட்டேன்.

ஏழாவது நிமிடத்தைக் கேட்டாய். அதில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் டேப்பில் முக்கால் பாகத்துக்குப் பதில் கால் பாகத்தைத் தொட்டுவிடுகிறாள். திரையில் தவறு என்று பெரிய பெருக்கல் குறி வருகிறது. நீ பேசிக்கொண்டே போய், மற்ற பிள்ளைகள் பார்ப்பதற்கு முன் அதை உள்ளங்கையால் மூடி, "எப்படி யோசிச்ச, எனக்குச் சொல்லேன்" என்று கேட்கிறாய். அவள் சொல்கிறாள். அவள் யோசித்ததில் பாதி சரி. நீ கையை எடுக்கும்போது அவளே திருத்திவிடுகிறாள். அதற்கு எழுத என்ன இருக்கிறது? எனக்கு வராத ஒன்று அது. இருபத்தேழு வருடமாக அந்தப் பெருக்கல் குறியைப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். தவறான விடைக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கும் என்று நான் நின்று கேட்டதில்லை. முதல் தடவை பார்த்தபோது வயிறு எரிந்தது. அதன்பிறகு குறை கண்டுபிடிக்கவேண்டியது அவசியமாகிவிட்டது. மற்ற நிமிடங்களிலெல்லாம் தேடி எடுத்தேன். ஆனால் வீடியோவை மறுபடி மறுபடி போட்டது குறைக்காக அல்ல.

டேப்புகள் திங்கள்கிழமை வகுப்புக்கு வந்தன. நேற்று முன்வரிசைப் பெண் ஒருத்தி தவறாகத் தொட்டாள். நான் போய், திரையைக் கையால் மூடிக்கொண்டு, "எப்படி யோசிச்ச, எனக்குச் சொல்லேன்" என்றேன். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒன்பது நொடி காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "டீச்சர், உங்களுக்கு இன்னும் காய்ச்சல் விடலையா?" என்று கேட்டாள்.

அக்கா